ஏழு அந்தோணிகளும் ஒரே கோப்பும்

அடுத்தவர்களுக்கு அறிவுரை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். காணொளிகளை நீண்ட காலம் பாதுகாப்பது எப்படி, எந்த வடிவத்தில் வைப்பது, என்ன பெயர் கொடுப்பது என்று நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போய்ப் பாடம் எடுக்கிறேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். திரையில் சிவப்புப் புள்ளி காட்டும் சின்ன விளக்குகூட ஒன்று வைத்திருக்கிறேன். கேட்பவர்கள் பாவம், குறிப்பெல்லாம் எடுப்பார்கள். கடைசியில் யாராவது எழுந்து, "மேடம், இந்தத் துறைக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்பார்கள். "சின்ன வயசிலிருந்தே ஆர்வம்" என்பேன். பச்சைப் பொய். சொந்த ஊரின் கல்யாணங்களை அழித்துவிட்டுத்தான் வந்தேன் என்று மேடையில் நின்று சொல்ல முடியுமா?

இங்கே சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். (அம்மா மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.)

2009-ஆம் வருடம். கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். எங்கள் ஊர் தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். ஆண்கள் கடலில், இல்லையென்றால் வளைகுடாவில். பெண்கள் மீன் விற்பார்கள், கருவாடு காயப்போடுவார்கள். அம்மா நெத்தோலிக் கருவாட்டில் கெட்டிக்காரி. ஊரில் கம்ப்யூட்டர் படித்த முதல் பெண் நான்தான் என்பதால் எனக்கு வயது இருபத்திரண்டு என்றாலும் அறிவு இருநூற்றிருபது என்ற நினைப்பு.

எங்கள் ஊரில் எந்தப் பொருளும் பத்து வருடம் உருப்படியாக இருக்காது. உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். கல்யாண வீடியோவை விட்டு வைக்குமா? கேசட்டுகளில் பூஞ்சை பிடித்தது, சிடிகளின் பளபளப்பு உரிந்தது. வளைகுடாவில் இருந்த ஒருவர் விடுமுறைக்கு வந்து தன் அப்பாவின் அடக்க வீடியோவைப் போட்டுப் பார்க்க, திரை முழுக்கப் பச்சைக் கட்டங்களாக வந்தது. அவர் நேரே எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச் சாமியாரிடம் போய் அழுதார். சாமியார் என்னைக் கூப்பிட்டார். ஊரில் உள்ள எல்லா வீடியோக்களையும் ஒரே இடத்தில், கெடாமல், பங்கு நூலகத்தில் சேர்த்து வைக்க முடியுமா என்று கேட்டார்.

"முடியும் சாமி" என்றேன். (என்னிடம் யார் எதைக் கேட்டாலும் அப்போது வரும் பதில் அதுதான்.)

அவரே நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்கும் அனுப்பி வைத்தார். பாடம் எடுத்தவர் நல்ல மனிதர். விஷயத்தை எளிதாகச் சொன்னார். ஒருவர் செம்பில் தண்ணீர் கொண்டுவருவார், ஒருவர் குடத்தில், ஒருவர் பிளாஸ்டிக் பாட்டிலில். எல்லாவற்றையும் ஒரே அளவுள்ள ஒரே மாதிரிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தால்தான் நாளைக்கு எடுத்துக் குடிக்க வசதி. அதுபோல விசிடியில் ஒரு வடிவம், டிவிடியில் ஒரு வடிவம், செல்போனில் இன்னொன்று என்று இருக்கும் வீடியோக்களையெல்லாம் ஒரே தரமான கோப்பு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பெயர்களையும் ஒரே ஒழுங்கில் வைக்க வேண்டும். எனக்கு அந்த ஒழுங்கு மிகவும் பிடித்துப்போனது. இரண்டாம் நாள் கடைசி ஒரு மணி நேரப் பாடம் மட்டும் நான் கேட்கவில்லை. வடசேரி பஸ் நிலையத்துக்கு ஐந்து மணிக்கு மேல் போனால் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, படித்து முடித்துவிட்ட திருப்தியோடு ஊர் வந்து சேர்ந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்ன சொன்னார் என்பது மூன்று மாதம் கழித்து எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு பூசையில் அறிவிப்பு வந்ததும் ஊரே பைகளைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு வந்தது. அம்மா துணைக்கு உட்கார்ந்து, வாங்கிய ஒவ்வொரு உறையின் மேலும் மார்க்கரால் யாருடையது என்று எழுதினார். 'ரேடியோக்க கல்யாணம்.' 'பம்பாய்க்க கல்யாணம்.' 'சுக்குக்க மூத்தவளுக்க ஞானஸ்நானம்.'

இதற்கு விளக்கம் தேவை. எங்கள் ஊர்க் கோயில் புனித அந்தோணியாருடையது. எனவே வீட்டுக்கு ஒரு அந்தோணி கட்டாயம். பெண்களில் வீட்டுக்கு ஒரு மேரி. யார் யார் என்று கண்டுபிடிக்க ஒரே வழி வட்டப்பெயர். வாயை மூடாமல் பேசுபவர் ரேடியோ அந்தோணி. ஒரு தடவை பம்பாய்க்கு மீன்பிடிக்கப் போய் மூன்றே மாதத்தில் திரும்பியவர் பம்பாய் அந்தோணி. எதற்கெடுத்தாலும் சுக்குத் தண்ணி குடிக்கச் சொல்பவர் சுக்கு அந்தோணி. சாட்சி சொல்ல ஒரு தடவை கோர்ட் ஏறியவர் வக்கீல் அந்தோணி. நெட்டை அந்தோணி, மணி அந்தோணி உண்டு. ரெண்டாம் அந்தோணி என்றும் ஒருவர் இருந்தார். முதலாம் அந்தோணி யார் என்பது யாருக்கும் தெரியாது. இந்த ஏழு பேரும் கட்டியது ஏழு மேரிகளை.

எனக்கோ வட்டப்பெயர் என்றாலே அவமானம். உலகத் தரத்தில் ஒரு காப்பகம் கட்டிக்கொண்டிருக்கிறேன், அதில் போய் 'சுக்கு' என்று எழுதுவதா?

"அம்மா, ஞானஸ்நானப் பதிவேட்டில என்ன பேரு இருக்கோ அதத்தான் வைக்கணும். அதுதான் ஸ்டாண்டர்டு."

"ஏட்டி, பதிவேட்டுல எல்லாரும் அந்தோணிதானே. பொறவு எப்பிடிட்டி ஆளு தெரியும்?"

"மொதல்ல மாப்பிள பேரு, பொறவு பொண்ணு பேரு, பொறவு 'திருமணம்'. கம்ப்யூட்டருக்கு அது போதும்."

கல்யாண வருடத்தையும் சேர்க்கலாம் என்று முதலில் நினைத்தேன். விசாரித்தால், "சாளை மீனு அள்ள அள்ளக் குறையாம கெடச்ச வருசம்" என்கிறார்கள். உறுதிப்படுத்தப்படாத தகவலுக்கு என் காப்பகத்தில் இடமில்லை என்று வருடத்தையும் தூக்கிவிட்டேன்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் மேரி மைனி வந்தார். அதாவது ரேடியோ அந்தோணியின் மனைவி. ரேடியோ அந்தோணி என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அப்போது அவர்கள் மகள் ஜெனி பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. கல்யாணக் கேசட்டை மைனி பிறகு ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து சிடியாக மாற்றி வாங்கினார். கேசட்டைப் பூஞ்சை தின்றது. ஸ்டூடியோக்காரர் தொழிலை விட்டுக் கோழிக்கடை வைத்துவிட்டார். மிஞ்சியது அந்த ஒரு சிடி. போட்டுப் பார்க்க மைனிக்குத் தைரியம் வரவில்லை. ஜெனி கொஞ்சம் வளரட்டும், அவளோடு சேர்ந்து பார்க்கலாம் என்று கல்யாணப் புடவை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியில் பூட்டியிருந்தார். ஜெனிக்குப் பதினோரு வயதாகிவிட்டது. அவளுக்கு அப்பா என்றால் சுவரில் மாலை போட்ட படம் மட்டும்தான். அவர் நடந்து அவள் பார்த்ததில்லை.

மைனி சிடியை என் கையில் கொடுத்துவிட்டும் விரலை எடுக்கவில்லை.

"மக்கா, இதுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

"மைனி, இனி நூறு வருசத்துக்கு இதுக்கு அழிவே கிடையாது" என்றேன். இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

இரண்டு மாதம் பகல் முழுக்க வேலை செய்தேன். ஒவ்வொரு சிடித் தட்டையும் போட்டு, புதிய வடிவத்துக்கு மாற்றி, பெயர் வைத்து, கம்ப்யூட்டருக்குள் தனித்தனிப் பெட்டியில், அதாவது ஃபோல்டரில், வைத்தேன். விசிடிகளைத் திறந்தால் எல்லாத் தட்டிலும் உள்ளே இருக்கும் கோப்புக்கு ஒரே பெயர்தான் இருக்கும். "இந்தக் கம்ப்யூட்டருக்குப் பேரு வைக்கக்கூடத் தெரியல" என்று அம்மாவிடம் கேலி செய்தேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கடைசி நாள், எல்லாவற்றையும் புதிதாக வாங்கிய ஹார்டு டிஸ்க்கில் ஒரே பெட்டிக்குள் மாற்ற வேண்டும். நூலகக் கம்ப்யூட்டரில் இடம் குறைவு; அதனால் நகல் எடுக்காமல் அப்படியே நகர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. 'இதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இதை வைக்கவா?' ஆமாம் என்றேன். மறுபடி கேட்டது. மறுபடி ஆமாம். மூன்றாம் தடவை கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதவைப் பூட்டினாயா, அடுப்பை அணைத்தாயா என்று அம்மா கேட்பது மாதிரி இதுவும் ஆரம்பித்துவிட்டதே என்று, 'எல்லாவற்றுக்கும் ஆமாம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பழையபடி ஒன்று ஒரு வடிவத்திலும் இன்னொன்று வேறு வடிவத்திலும் கிடந்திருந்தால், கோப்புப் பெயரின் வால்ப்பகுதியாவது மாறியிருக்கும். இரண்டு மூன்று அந்தோணிகளாவது பிழைத்திருப்பார்கள். நான் அத்தனை பேரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்திருந்தேன் அல்லவா, துல்லியமாக ஒருவர் மேல் ஒருவர் போய் உட்கார்ந்தார்கள்.

வேலை முடிந்தது. நூலக மேசையில் தட்டுகள் மலையாகக் கிடந்தன. அம்மா கேட்டார்: "இதெல்லாம் இனி வேண்டாமாட்டி?"

"எதுக்கு? எல்லாந்தான் உள்ள ஏத்தியாச்சே."

அம்மாவின் முகம் மலர்ந்தது. கடற்கரையில் நெத்தோலி காயும் இடத்தில் காக்காய்த் தொல்லை சொல்லி முடியாது. வெயிலில் பளபளக்கும் தட்டுகளைக் கயிற்றில் கோத்துக் கம்புக்குக் கம்பு கட்டினால் காக்காய் கிட்ட வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உறைகளை அடுப்புக்கும் தட்டுகளைக் கடற்கரைக்கும் அம்மா பங்கு வைத்தார். ஊர்ப் பெண்கள் ஆளுக்கு நாலைந்து வாங்கிப் போனார்கள். மறுநாள் கடற்கரை முழுக்க மினுங்கியது. உண்மையிலேயே ஒரு காக்காய்கூட வரவில்லை. அந்த மூன்று வாரம் எனக்கு ஊரில் இருந்த மதிப்பை என்னவென்று சொல்ல! வரலாற்றைக் காப்பாற்றியதற்காக யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெத்தோலியைக் காப்பாற்றியதற்காக வீடு வீடாகக் கருவாடு வந்தது.

பிறகு திறப்பு விழா. ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் திரை கட்டினோம். சாமியார் ஜெபித்து ஆசீர்வதித்தார். நான் மைக்கைப் பிடித்துப் பத்து நிமிடம் பேசினேன். கோப்பு வடிவம், தரநிலை, எதிர்காலத் தலைமுறை என்று ஒன்றையும் விடவில்லை. (முன்வரிசையில் மணி அந்தோணி தூங்கிவிட்டார்.) கடைசியில், "யாருக்க வீடியோ வேணும்னாலும் கேளுங்க, ஒரே நிமிசத்துல எடுத்துத் தாரேன்" என்று சவால் விட்டேன்.

மேரி மைனி எழுந்தார். நல்ல புடவை உடுத்தியிருந்தார். பக்கத்தில் ஜெனி, தலையில் புது ரிப்பன். வாசலில் நின்றவர்களும் உள்ளே வந்தார்கள். அந்த வீடியோவில் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

'அந்தோணி_மேரி_திருமணம்' என்ற கோப்பைத் தட்டினேன். மேளச் சத்தம். பூக்கள் சிதறின. இதய வடிவத்துக்குள்ளிருந்து மாப்பிள்ளை வந்தார். உருண்டை முகம், அடர்ந்த மீசை.

"அம்மா, அப்பாவா இது?" என்று ஜெனி கேட்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு கூச்சல். "ஏலே, அது நாந்தாம்லே!" பம்பாய் அந்தோணி நாற்காலிமேல் ஏறி நின்றார். "ஏட்டி மேரி, பாத்தியா, எனக்க தலை முழுக்க முடி!"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜெனி சிரிக்கவில்லை. மைனி திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

நான் கோப்புகளின் பட்டியலை மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். அந்தோணி_மேரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் ஆமாம். மைக்கை எடுத்து, "சின்ன தொழில்நுட்பக் கோளாறு" என்றேன்.

மூன்றாம் வரிசையில் அம்மா எழுந்தார். "என்னட்டி கோளாறு? உள்ளத சொல்லு."

சொன்னேன். சுக்கு அந்தோணி மெதுவாகக் கேட்டார்: "அப்போ எனக்கதும் போச்சா?"

"போச்சு மாமா."

"கொள்ளாம். நான் தாலி கட்டும்போ அழுதத இனி ஆரும் பாக்க மாட்டாவல்லா" என்று உட்கார்ந்துவிட்டார். மற்ற அந்தோணிகள் அவ்வளவு பெருந்தன்மையாக இல்லை.

மைனி திட்டவில்லை. ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, எனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்தது.

அம்மாதான் முதலில் அசைந்தார். "ஏட்டி, நிண்ணது போதும். தட்டுதான் கடப்புறத்துல தொங்குதுல்லா? அதுல இருக்காதா?"

மண்டபமே கடற்கரைக்கு ஓடியது. பூசைக்கு உடுத்திய வெள்ளை வேட்டிகளோடு ஆண்கள் கம்புகளில் ஏறினார்கள். சாமியார் அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கயிறு அறுத்தார். "நெத்தோலி காயட்டும், பொறவு எடுங்க" என்று ஒரு பாட்டி மறித்து நின்றார். எடுத்துப் பார்த்தால் தட்டுகளில் எழுத்து ஒன்றும் இல்லை. அடையாளம் உறையில் இருந்தது. உறை அடுப்பில் போயிற்று. பளபளப்பான பக்கத்தை மூன்று வாரம் வெயிலுக்குக் காட்டிய தட்டுகள் வெளுத்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன.

அந்த இரவே பயிற்சி கொடுத்தவருக்கு போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூலத்தை ஒருபோதும் தூக்கிப் போடக் கூடாது, ரெண்டு பிரதி வேணும், ஒரே பேரு ரெண்டு கோப்புக்கு வரவே கூடாதுன்னு கடைசி வகுப்புல சொன்னேனேம்மா" என்றார். எனக்கு ஜன்னலோர இருக்கை நினைவுக்கு வந்தது.

தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஆளுக்கு ஆள் வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். வக்கீல் அந்தோணியின் கல்யாணம் பாதி கிடைத்தது. ரெண்டாம் அந்தோணியின் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தி மட்டும் கிடைத்தது. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து கம்ப்யூட்டரைத் திறந்தாலே கருவாட்டு மணம் அடித்தது. மூன்றாம் நாள் கையில் இருந்த தட்டுகள் தீர்ந்தன. ரேடியோ அந்தோணி அண்ணன் எதிலும் இல்லை.

அன்று சாயங்காலம் மைனி நூலக வாசலில் வந்து நின்றார். மூன்று நாளாக வீட்டை விட்டு வெளியே வராதவர். முந்தானையில் எதையோ மூடிப் பிடித்திருந்தார்.

"எனக்க நெத்தோலி காயுத வலைக்கு மேல கெட்டியிருந்தது. ஒனக்க அம்மதான் தந்தா. இதையும் ஒருக்கா பாரு."

ஒரு பக்கம் முழுக்கக் கீறல். நெத்தோலிச் செதில் ஒட்டியிருந்தது. துடைத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. படத்தின் ஆரம்பம் வரவில்லை. கோயில் வரவில்லை, தாலி கட்டியது வரவில்லை. விட்டு விட்டு முன்னால் தள்ளிக்கொண்டே போனேன். திடீரென்று திரையில் ஒல்லியான ஓர் ஆள் மேடையில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு சொன்னார்: "மூணு வாரம் எனக்க தலைக்கு மேலயே நிண்ணு காக்கா வெரட்டியிருக்காவ. நான் நிமுந்துகூடப் பாக்கல."

அம்மா போய் ஜெனியைக் கூட்டிவந்தார். அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றாள், உட்காரவில்லை. மொத்தம் இரண்டு நிமிடம் பத்து வினாடி. அண்ணன் பேசுகிறார், யாரையோ கூப்பிடுகிறார், சிரிக்கிறார், பெண் பக்கம் குனிந்து என்னவோ சொல்கிறார், மறுபடி பேசுகிறார். ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் கல்யாணச் சத்தத்தை எடுத்துவிட்டுப் படம் முழுக்கச் சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார்கள். ஊரிலேயே அதிகம் பேசியவரின் ஒரே வீடியோவில் அவர் குரல் இல்லை.

"அப்பா என்ன சொல்லுதாவ?" என்று ஜெனி கேட்டாள்.

அப்போது பம்பாய் அந்தோணி முன்னால் வந்தார். பல வருடம் அண்ணனோடு ஒரே வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய் வந்தவர். "பாட்டச் சத்தமில்லாம ஆக்கு. மொதல்ல இருந்து போடு" என்றார். போட்டேன். அண்ணனின் வாயசைவுக்கு ஏற்றபடி, அண்ணனின் அதே ராகத்தில் பேச ஆரம்பித்தார். "லேய் சுக்கு, அங்க என்னலே நிக்கிய? பந்தியில ஆளு இருக்கு, எறைச்சி கொண்டு போலே! பம்பாய்க்கு ரெண்டு துண்டு கூட வையி, அவன் பட்டினி கெடந்து வந்தவன்..."

சுக்கு அந்தோணி விடுவாரா? "பொய்! அவன் என்னப் பாத்துச் சொன்னது, மொய் வாங்க உக்காருலேன்னு" என்று அவர் ஒரு குரல் கொடுத்தார். நெட்டை அந்தோணி மூன்றாவதாக ஒன்று சொன்னார். ஒவ்வொரு தடவையும் அண்ணன் புதிதாகப் பேசினார். ஜெனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்றாள். அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மூன்று நாளாகச் சிரமப்பட்டு அடக்கி வைத்திருந்த நான், மேசைக்கு அடியில் வயர் சரிசெய்வது போல உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகு எனக்கு ஊரில் 'ஸ்டாண்டர்டு' என்று பெயர். இன்றும் அம்மாவுக்குக் கடிதம் வந்தால் தபால்காரருக்கு 'ஸ்டாண்டர்டுக்க அம்மா' என்று சொன்னால்தான் வீடு தெரியும். காப்பகத்தை மறுபடி முதலிலிருந்து கட்டினேன். கோப்புகளுக்கு வட்டப்பெயர்தான் வைத்தேன். இந்த இரண்டு நிமிடம் பத்து வினாடியை மட்டும் நாலு வடிவங்களில், ஆறு இடங்களில், மூன்று மாநிலங்களில் வைத்திருக்கிறேன். இவ்வளவு பாதுகாப்பு பெரிய நிறுவனங்களின் ஆவணங்களுக்குக்கூட இருக்காது. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் குடும்பம் கூடும்போது அதைப் போடுவோம். ஆளுக்கு ஒரு முறை அண்ணனுக்குக் குரல் கொடுப்போம். ஒரு வருடம் அவர் கிரிக்கெட் வர்ணனை செய்தார், ஒரு வருடம் தேர்தலில் ஓட்டுக் கேட்டார். மைனி சிரித்துக்கொண்டே கேட்பார். அவர் மட்டும் ஒரு தடவைகூடக் குரல் கொடுத்ததில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

பத்து வருடம் கழித்து ஜெனிக்குக் கல்யாணம். முந்தின வாரம் புது செருப்பைப் போட்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தவள், "கடிக்கும்மா, ஒரு நாளு முழுக்க எப்பிடி நிக்கது?" என்று முகத்தைச் சுளித்தாள். மைனி பூத்தொடுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"அப்பனுக்க மவதான். அவியளும் இதத்தான் சொன்னாவ."

"எப்போ?"

"அந்த வீடியோவுல. எனக்க பக்கம் குனியாவல்லா, அப்போ. 'ஏட்டி மேரி, எனக்க ஷூ கடிக்கு. ஒனக்கும் கடிக்குதா? நீ கழத்து, நானும் கழத்துதேன். ஆரும் பாக்க மாட்டாவ'ன்னாவ."

"இத்தன வருசமா ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"நீங்க ஆரும் எங்கிட்ட கேக்கலல்லா" என்றார் மைனி.

ஓடிப்போய் மடிக்கணினியைத் திறந்தேன். ஜெனியும் நானும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். அண்ணன் குனிகிறார், மைனி வெட்கத்தோடு தலையசைக்கிறார். கொஞ்ச நேரத்தில் கீழே, படத்தின் ஓரத்தில், மேடை விரிப்பின் மேல் கறுப்பு ஷூ ஒரு ஜோடி தனியாக. அதன் பக்கத்தில் வெள்ளைச் செருப்பு ஒரு ஜோடி. நாற்காலிக்கு அடியில் நாலு வெறும் கால்கள். பத்து வருடமாக நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கல்யாணத்தன்று மேடையில் உட்கார்ந்ததும் ஜெனி செருப்பைக் கழற்றினாள். மாப்பிள்ளையின் காதில் என்னவோ சொன்னாள். அவர் ஒரு நிமிடம் திகைத்துவிட்டு ஷூவைக் கழற்றினார். அதைப் பார்த்துப் பம்பாய் அந்தோணி கழற்றினார், அம்மா கழற்றினார், நான் கழற்றினேன். குடும்பப் படம் எடுக்க வந்த ஸ்டூடியோத் தம்பி, "எல்லாரும் செருப்பப் போட்டுக்கிடுங்க, ஆல்பத்துல நல்லா இருக்காது" என்று கெஞ்சிப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை.

அந்தப் படம் இப்போது மைனி வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. பட்டும் நகையுமாக இருபது பேர், இருபது பேரும் வெறுங்காலோடு. வருகிறவர்கள் பார்த்துவிட்டு மரியாதையாக, "இது என்ன நேர்ச்சை, எதுக்கு வேண்டிக்கிட்டது?" என்று கேட்பார்கள். மைனி முகத்தில் சிரிப்பே இல்லாமல், "மாப்பிளைக்கு ஷூ கடிக்கப்பிடாதுன்னு ஒரு நேர்ச்சை" என்பார்.